ஓடுகிற பிள்ளைக்கு மொய்

ஒரு கல்லூரி விடுதியின் நான்காவது மாடி அறைக்குப் புதுமனை புகுவிழா நடத்திய ஒரே மனிதன், எனக்குத் தெரிந்து, நான்தான். பால் காய்ச்சினேன். அதுவும் தண்ணீர் சுட வைக்கும் கெட்டிலில் காய்ச்சினேன். ஐம்பது வயதைத் தாண்டியவன், கால்சட்டைக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு, கையில் சாம்பிராணித் தட்டோடு இதைச் செய்தேன். குடித்துவிட்டுச் செய்தேன் என்றாலாவது ஒரு மரியாதை இருக்கும். அன்று நான் விரதம்.

எல்லாம் என் அக்கா மகளுக்காக. அவள் ஓடுவாள். எண்ணூறு மீட்டர். மலேசியாவில், மலாக்காவின் மெர்லிமாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். தோட்டத்தை விட்டு வந்த பிறகு பாதிப் பேர் தாமான் என்கிற ஒரே குடியிருப்பில் வீடு வாங்கி, தோட்டத்து லயத்தில் போட்ட அதே சண்டைகளை இப்போது வாசலுக்கு வாசல் நின்று போட்டுக்கொண்டிருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் இவளுக்கு முன்னால் ஓடியவன் நான் ஒருவன்தான். தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் நாலு பேர் ஓடிய பந்தயத்தில் நாலாவதாக வந்து, ஆறுதலுக்கு ஒரு சோப்பு டப்பா வாங்கினேன். அந்த சோப்பு டப்பாவின் தகுதியில்தான் இவளுடைய விளையாட்டு விஷயங்களில் நான் மூக்கை நுழைத்தேன்.

மலாக்கா டவுனில் ஒரு தனியார் கல்லூரி அவளுக்கு விளையாட்டு உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கிறது. படிப்புக் கட்டணம், விடுதி, ஓடுகிற சப்பாத்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு அவள் ஓட வேண்டும். ஓடுவதற்காக வேறு யாரிடமும் ஒரு காசு வாங்கக் கூடாது. அவள் முகமும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஸ்டோர் வேலை. மோட்டார் சைக்கிளில்தான் போய்வருகிறேன். ஒரு காலையில் சிவப்பு விளக்கில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு பஸ். அதன் முதுகு முழுக்க எங்கள் வீட்டுப் பிள்ளை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறாள். பக்கத்தில் கல்லூரியின் பெயர், சேர்க்கை நடைபெறுகிறது என்ற அறிவிப்பு. அவள் தாடைக்குச் சரியாகக் கீழே பஸ்ஸின் புகைக்குழாய். விளக்கு பச்சையானது, என் சொந்த அக்கா மகள் என் முகத்தில் கறுப்பாக ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போய்விட்டாள். இருமிக்கொண்டே பெருமைப்பட்டேன். அடுத்த விளக்கு வருவதற்குள் பெருமை கோபமாகிவிட்டது.

அன்று சாயங்காலமே அவள் பயிற்சி எடுக்கும் திடலுக்குப் போய், எதிரில் இருந்த கடையில் உட்கார வைத்து விசாரித்தேன்.

"அந்த பஸ் படத்துக்கு எவ்ளோ குடுத்தாங்க?"

"ஒரு டீ-ஷர்ட் மாமா."

"டீ-ஷர்ட்டா?"

"அதையும் போட்டோ எடுத்து முடிச்சதும் திருப்பி வாங்கிக்கிட்டாங்க."

அவள் சிரித்துக்கொண்டே மேலும் சொன்னாள். அவர்கள் கல்லூரிக்கு ஒரு சருகுமான் பொம்மை உண்டு. மலாக்கா உருவான கதையிலேயே ஒரு சருகுமான் வரும், அதனால் இங்கே எதற்கெடுத்தாலும் சருகுமான்தானே. போட்டி நடக்கும் நாளில் ஒரு மாணவன் அந்தப் பொம்மை உடுப்புக்குள் புகுந்துகொண்டு, பந்தயம் முடியும் கோட்டருகே நின்று ஆடுவானாம்.

"அவனுக்குக் காசு உண்டு மாமா. அவன் பார்ட்-டைம்ல."

"இரு, இரு. நீ ஓடினா காசு இல்ல. நீ ஓடி முடிக்கிற எடத்துல நின்னு ஆடுற மானுக்குக் காசு."

"ஆமா. சோத்துப் பொட்டலமும் குடுப்பாங்க. எனக்கு அதான் மாமா ரோதனை. ட்ரெய்னிங் முடிஞ்சி போறதுக்குள்ள கண்டீன மூடிர்றாங்க. தெனமும் பாக்கெட் நூடுல்ஸ்தான்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "இது அநியாயம்!" என்று மேசையில் தட்டினேன். கடைக்காரர் நான் குடித்த தே தாரிக் டீயின் விலையைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "எல்லாக் கடையிலயும் இதான் வெலை அண்ணே," என்றார்.

"மாமா, உக்காருங்க. எதுவா இருந்தாலும் பைனல் முடியட்டும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்," என்றாள் அக்கா மகள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அவள் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தாள். நான் தலையை ஆட்டினேன். தலை ஆடிக்கொண்டிருந்தபோதே உள்ளே வேலை ஆரம்பித்துவிட்டது.

அவளுடைய ஒப்பந்தத்தைக் கைப்பேசியில் வாங்கி ஒரு வாரம் படித்தேன். பள்ளியில் படித்த காலத்தில் எதையாவது இப்படிப் படித்திருந்தால் நானும் ஆஃபீசில் ஏர்கான் அடியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு வரியில் என் கண் நின்றது. குடும்ப நிகழ்ச்சிகளில் உறவினர் தரும் அன்பளிப்புக்குத் தடை இல்லை. அவ்வளவுதான், எனக்கு வழக்கறிஞர் பட்டம் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. காலேஜ் தராத சம்பளத்தை ஊர் தரும். ஒரு விசேஷம் வைத்து மொய் வாங்கினால் போதும்.

ஆனால் என்ன விசேஷம்? சடங்கு எப்போதோ முடிந்துவிட்டது. பிறந்த நாளுக்கு இன்னும் அரை வருஷம் இருந்தது. கல்யாணம் என்று பேச்செடுத்தால் அக்கா என்னை வெட்டிவிடுவாள். அப்போதுதான் நினைவுக்கு வந்தது: பிள்ளை புது விடுதி அறைக்கு மாறி இரண்டு வாரம்தான் ஆகிறது.

அக்காவுக்குப் போன் போட்டேன். மச்சான் ஜோகூரில் லாரி ஓட்டுகிறார். வீட்டில் எதற்கும் அக்காவின் முடிவுதான்.

"அக்கா, பால் காய்ச்சணும்."

"எந்த வீட்டுக்கு?"

"ஹாஸ்டலுக்கு."

"தம்பி, சீனி மருந்து ஒழுங்கா சாப்பிடுறியா இல்லையா?" என்றாள்.

"புது ரூமுக்கா. பைனலுக்கு முன்னாடி ஒரு சாமி கும்பிட்டா நல்லதுதானே."

சாமி என்றதும் அக்கா இறங்கிவந்தாள். மொய் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையிடம் விழா பற்றியே சொல்லவில்லை. ஆனால் தாமான்காரர்கள் எல்லாரும் இருக்கும் கைப்பேசிக் குழுவில் மட்டும் என் கைப்பட ஓர் அழைப்பு எழுதிப் போட்டேன்: 'நம் வீராங்கனை மழையிலும் வெயிலிலும் ஓடுகிறாள். காலேஜ் அவளுக்குச் சம்பளம் தருவதில்லை. அந்தக் குறையை நாம் தீர்ப்போம். புதுமனை புகுவிழாவுக்கு வாரீர். மொய் தாராளமாக.' கீழே இரண்டு குத்துவிளக்குப் படம். எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பட்டுச் சேலை, வேட்டி, மல்லிகைச் சரம். ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம், புதுமனை என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு பரிசே தெரியாது. விடுதி என்பது ஓர் அடுக்குமாடி, அதில் சில மாடிகளைக் கல்லூரி வாடகைக்கு எடுத்திருந்தது. வாசலில் இருந்த மலாய்க் காவலாளி என்ன இது என்று கேட்டார். "ரூமா பாரு, பாங்," என்றேன். புது வீடு என்றதும் அவர் கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை நாளாக இதன் உரிமையாளரைப் பார்க்கவில்லையே என்று நினைத்தாரோ என்னவோ, எனக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

மின்தூக்கி வேலை செய்யவில்லை. நான்காவது மாடிக்கு ஏறி முடிப்பதற்குள் பாதிப் பேர் படியில் உட்கார்ந்து என் குடும்பத்தைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

அறையில் நான்கு கட்டில்கள். மற்ற மூன்று பெண்களும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் கெடா மாநிலத்திலிருந்து வந்திருந்த தமிழ்ப் பெண் மட்டும் இறங்கி வந்து, "அங்கிள், இங்க அடுப்பெல்லாம் வைக்கக் கூடாது, தெரியுமா?" என்றாள்.

"தெரியும்மா. அதான் கெட்டில்."

"கெட்டில்ல பால் ஊத்தலாமா?"

"தண்ணி கொதிக்குதுல்ல? பாலும் கொதிக்கும்."

கொதித்தது. பால் பொங்கியபோது எல்லாரும் "பொங்கிருச்சு! பொங்கிருச்சு!" என்று கும்பிட்டார்கள். பொங்கிய பால் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, கெட்டிலின் அடித்தட்டுக்குள் இறங்கி, அங்கிருந்து நீல நிறத்தில் படபடவென்று ஒரு பொறி கிளம்பியது. ஒரு பெரியம்மா அதையும் கும்பிட்டார். மின்சாரம் போய்விட்டது. காலேஜ் போட்ட பல்பைவிடச் சாமி போட்ட வெளிச்சம் பெரிது என்று ஏதோ உளறிக்கொண்டே சாம்பிராணித் தட்டில் இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டேன். கூரையில் இருந்த தீயறிவிப்பு மணி அலறியது.

எல்லாரும் படியில் இறங்கினோம். இங்கேதான் நான் இன்னொரு காரியம் செய்தேன். சாமி தட்டைக் கீழே வைக்கக் கூடாது என்று புகைந்துகொண்டிருந்த அதைக் கையில் பிடித்தபடியே இறங்கினேன். நான் கடந்து வந்த மாடிகளில் எல்லாம் மணிகள் வரிசையாக அலறின. ஒரு மாடியில்கூட என்னால் தீ பிடிக்கவில்லை; ஆனால் எல்லா மாடிகளுக்கும் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்த மாதிரி ஆயிற்று.

பயிற்சி முடிந்து வந்த அக்கா மகள் கார் நிறுத்துமிடத்தில் பார்த்த காட்சி இது: படுக்கை உடையில் கட்டடம் முழுக்க இருந்த பெண்கள், பட்டுச் சேலையில் எங்கள் சொந்தக்காரர்கள், தலைக்கவசத்தோடு தீயணைப்பு வீரர்கள், நடுவில் ஈரமான தட்டோடு நான். வீரர்களில் ஒருவர் என் தட்டில் மட்டும் தண்ணீர் ஊற்றியிருந்தார். அந்தக் கூட்டத்திலும் எங்கள் ஆட்கள் ஒழுக்கம் தவறவில்லை. வரிசையாக வந்து அவள் கையில் மொய் உறைகளைத் திணித்தார்கள். "நல்லா ஓடு கண்ணு, காலேஜ் குடுக்காட்டி என்ன," என்று ஆளுக்கொரு ஆசீர்வாதம். அக்கா ஒவ்வொரு உறையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் முகம் இறுகிக்கொண்டே போனது.

அக்கா மகள் என்னைத் திட்டவில்லை. "மாமா, சனிக்கிழமை எனக்கு பைனல்," என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை கல்லூரியில் விசாரணை. ஒப்பந்தத்தை மீறிப் பணம் வாங்கியதாக முடிவானால் உதவித்தொகை போய்விடும், சனிக்கிழமை ஓடவும் முடியாது. கட்டணத்தைக் கையிலிருந்து கட்ட அக்காவால் ஆகாது. பிள்ளை வீட்டுக்கு வந்து உட்கார வேண்டியதுதான். வழியெல்லாம் காருக்குள் யாரும் பேசவில்லை. நான் ஒரு ஜோக் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். அக்கா கண்ணாடியில் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

விளையாட்டுத் துறை அதிகாரி ஒரு அம்மாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே உத்தியோகம். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். தாமான் குழுவில் நான் போட்ட அழைப்பு எப்படியோ அவர் கைக்குப் போய், மேசையில் அச்செடுத்து வைக்கப்பட்டிருந்தது. குத்துவிளக்குகளுடன்.

"சம்பளம் எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். பிறகு வீட்டு விசேஷம் எண்டு எப்பிடிச் சொல்லுவியள்?"

சட்டம் படித்த நான், என் வரியே என்னைக் கவிழ்த்ததைப் பார்த்தேன். ஆனாலும் விடவில்லை. "மேடம், பஸ் பின்னாடி அவ மூஞ்ச போட்டுப் பிள்ளைங்கள சேர்க்கிறீங்க. மானுக்குக் காசு குடுக்குறீங்க. ஓடுற பிள்ளைக்குக் குடுத்தா என்ன?"

"மான் ஒழுங்கா ஆடாட்டில் அடுத்த நாள் வேற ஆளை மானாக்குவம்," என்றார் அவர். "போன வருஷம் இந்தப் பிள்ளைக்கு முழங்கால் பிசகி மாசக்கணக்கா ஓடேல்ல. நாங்கள் ஃபீஸை நிப்பாட்டினமா? சம்பளம் எண்டால் நிப்பாட்டியிருப்பம். ஓடாத ஆளுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது? உங்கட ஃபாக்டரியில குடுப்பினமோ?"

எங்கள் தொழிற்சாலையில் சிறுநீர் கழிக்கப் போனாலே நேரத்தைப் பார்ப்பார்கள். அந்த அம்மாள் சொன்னதில் பாதி சரி என்று தோன்றியது. மீதிப் பாதிக்கு அந்த பஸ் படம் இன்னும் என் தொண்டையில் புகையாக இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியமாகச் சொல்லத் தெரியாமல் தரையைப் பார்த்தேன்.

"அப்ப இந்தக் காசு முழுக்கப் பிள்ளைக்கு வந்த வருமானம்," என்று அவர் எழுதப் போனார்.

"வருமானமா?" என்றாள் அக்கா.

அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டாள். "என்னா மேடம் பேசுறீங்க? யாரு வருமானம்னு சொன்னா? மொய்ம்மா அது! முன் வீட்டு அக்கா ஐம்பது வெள்ளி வெச்சிருக்கு. அதோட மவளுக்கு அடுத்த மாசம் கல்யாணம். நாங்க ஐம்பதுக்கு மேலதான் வெக்கணும். கோயில் தலைவரு நூறு வெச்சிருக்காரு. அவரு பேரப்பிள்ளைக்குக் காது குத்து வருது. மூலை வீட்டுல எரநூறு! எரநூறுக்கு நான் எங்க போவேன்? சாமி கும்பிடுறோம்னு சொல்லிட்டு இந்தப் பய ஊரு பூரா எங்களுக்குக் கடன் வாங்கி வெச்சிருக்கான்!"

அதிகாரி பேனாவை வைத்தார். "எங்கட பக்கம் இப்பிடி இல்லை. திருப்பிக் குடுக்க வேணுமோ?"

"குடுக்காட்டி மூஞ்சில முழிக்க முடியாது மேடம்."

"எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும். சேர்த்துத்தான் வெக்கணும்."

"அப்ப வட்டியும் இருக்கு," என்றார் அவர் மெதுவாக. அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு நிம்மதி. எனக்குத் தோன்றியது, அவருக்கும் இந்தப் பிள்ளையை அனுப்ப மனசில்லை, ஒரு கதவு தேடிக்கொண்டிருந்தார் என்று. "ஒப்பந்தத்தில காசு வாங்கக் கூடாது எண்டுதான் இருக்கு. கடன்படக் கூடாது எண்டு இல்லை."

இப்படியாக என் அக்கா மகள் சம்பளம் வாங்காத குற்றமற்றவள் என்றும், தன் வயதுக்கு மீறிய கடன்காரி என்றும் ஒரே தீர்ப்பில் அறிவிக்கப்பட்டாள். உதவித்தொகை தப்பியது. நான் விடுதியின் பக்கம் தலைவைக்கக் கூடாது. பொய்த் தீயறிவிப்புக்கும், மின்கம்பி பழுதுக்கும் அபராதம். மொய்ப் பணம் எல்லாம் அந்த அபராதத்துக்கே சரியாகப் போனது. சுவர்க் கடிகாரங்கள் மட்டும் மிஞ்சின. இன்றைக்கும் அக்கா வீட்டு வரவேற்பறையில் அவை வரிசையாகத் தொங்குகின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டுகிறது.

சனிக்கிழமை அவள் ஓடினாள். நான் திடலின் கடைசி மூலையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவதாக வந்தாள். கோட்டருகே சருகுமான் துள்ளித் துள்ளி ஆடியது. அவள் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது மான் அவள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் அந்தப் படமும் ஒரு பஸ்ஸில் ஏறியது. இந்த முறை புகைக்குழாய் மானுக்குக் கீழே இருந்தது. எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி.

கடன் அடைப்பதுதான் மிச்சம். எங்கள் ஊரில் கல்யாண மாதம் வந்துவிட்டால் சனி ஞாயிறு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு விசேஷத்துக்கும் அக்கா அவளை இழுத்துக்கொண்டு போகிறாள். மொய் வாங்கிய கைதான் மொய் வைக்க வேண்டுமாம். உறைக்குள் இருக்கும் பணம் என்னுடையது. அதில் அக்கா மாற்றுக் கருத்தே வைத்துக்கொள்ளவில்லை. ஓவர்டைம் செய்கிறேன். ஒரு விதத்தில் பார்த்தால் ஒரு கல்லூரி ஓட்டக்காரிக்காக மாதாமாதம் ரொக்கமாகப் பணம் செலவழிக்கும் ஒரே நிறுவனம் இப்போது நான்தான்.

போன வாரம் மூலை வீட்டுக் கல்யாணம், இருநூறு வெள்ளி மொய் வைத்த அந்த வீடு. மண்டபத்தில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். சேலை கட்டி, காலில் ஓட்டச் சப்பாத்து போட்டிருந்தாள். மண்டபத்திலிருந்து நேராகப் பயிற்சிக்குப் போக வேண்டும். இரண்டாவது முறை சோறு வாங்கி, கோழிக் கறியை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். எனக்குப் பழைய ஆர்வம் தலைதூக்கியது. ஒரு துண்டுக் கோழியை அவள் இலைக்குத் தள்ளிவிட்டுக் கேட்டேன்.

"சரி, எல்லாம் முடிஞ்சிருச்சு. இப்ப மனசு வெச்சு சொல்லு. ஓடுற பிள்ளைங்களுக்கு காலேஜ் சம்பளம் குடுக்கணுமா, வேணாமா?"

அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கும்வரை என்னைப் பார்த்தாள்.

"குடுக்கட்டும், குடுக்காம போகட்டும் மாமா. அன்னிக்குக் கண்டீன் மூடிர்றாங்கன்னு சொன்னேன்ல, அப்பவே ஒரு நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் வாங்கிக் குடுத்துட்டு வாய மூடிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்லா நீங்க."